மருந்தின் மாத்திரை

தமிழ் பயிலும் மாணவன் முதன்முதற் கற்கும் சொற்களுள் ஒன்று மாத்திரை. குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. இயல்பாகக் கண்ணிமைக்கும் பொழுதும் கைந்நொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரையாமென இலக்கண நூலார் வரையறுத்தனர். ஆயின், புத்தூர்க் கடைத்தெருவில் ஒருவரை நிறுத்தி, 'மாத்திரை யாது?' என்று வினவினால், அவர் தம் சட்டைப்பையினின்றும் வட்டமான வெள்ளை வில்லையொன்றை எடுத்துக் காட்டுவார். எழுத்தின் ஒலிக்கும் நோயின் மருந்துக்கும் ஒரே பெயர் வாய்த்தது எங்ஙனம்? மாத்திரை என்பதன் பொருள் அளவு என்பதே. அளந்தொலிப்பது எழுத்து, அளந்துண்பது மருந்து.

எழுத்தின் மாத்திரை கூடினால் சொல் வேறாகிவிடும். 'விடு' என்பது 'வீடு' ஆகும். 'கொடு' என்பது 'கோடு' ஆகும். மருந்தின்கண்ணும் இவ்வுண்மை மாறுவதில்லை. அளவு குறைந்தால் மருந்து வெறும் மாவுக்கு ஒப்பாகும். அளவு மிகுந்தால் நஞ்சாகும். ஐரோப்பிய வைத்தியராகிய பாராசெல்சஸ் என்பவர் பதினாறாம் நூற்றாண்டில், ஒரு பொருளை நஞ்சென்றோ அன்றென்றோ பிரிப்பது அதன் அளவேயென்று கூறிச் சென்றனர். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் நம் நாட்டுப் பழமொழியும் அதனையே உரைக்கின்றது.

இக்கட்டுரையின் பொருள், வாய்வழியாக உட்கொள்ளும் மருந்துகளை, அவற்றுள்ளும் வைத்தியர் சீட்டெழுதிக் கொடுத்தாலன்றி வாங்கலாகாத மருந்துகளை, எவ்வளவு, எவ்வேளை, எம்முறையில், எத்துணை நாள் உண்ணல் வேண்டும் என்பதாம். யான் வைத்தியம் பயில்பவனல்லேன், தமிழ் மாணவன். ஆதலின், ஈண்டுக் கூறப்படுவன வைத்தியர் சொல்லுக்கு மாற்றாகா. அவர் சொல்லைப் பிழையற விளங்கிக்கொள்ளுதற்குத் துணையாவனவே. தமிழ் மாணவனுக்கு மருந்துச் சீட்டில் என்ன வேலையென்று சிலர் வினவலாம். நம் புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையோடு இணைந்த மருத்துவக் கல்லூரி 1997-ஆம் ஆண்டிற் றோன்றியது. அது முத்தமிழ்க் காவலர் கி. ஆ. பெ. விசுவநாதம் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மருத்துவக் கல்லூரியொன்று தமிழறிஞர் ஒருவர் பெயரைப் பூண்டு நிற்கும் ஊரில், தமிழுக்கும் மருந்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்தல் புறம்பான வேலையாகாது.

முன்னோர் கொண்ட அளவைகள்

அளவின்றி மருந்தில்லை என்பதை நம் சித்த வைத்தியர்கள் நன்குணர்ந்திருந்தனர். நிறுத்தற்குக் குன்றிமணியும் பணவெடையும் வராகனெடையும் பலமும் இருந்தன. முகத்தற்கு ஆழாக்கும் உழக்கும் இருந்தன. தராசு இல்லாத குடிசையிலும் அளவு தவறாதிருத்தற் பொருட்டு, மிளகளவு, சுண்டைக்காயளவு, கொட்டைப்பாக்களவு என எல்லார் கண்ணுக்கும் பழகிய பொருள்களையே அளவைகளாக வைத்தனர். விரல் நுனிகளாற் கிள்ளியெடுக்கும் சூரணத்துக்குத் திரிகடி, வெருகடி என்னும் பெயர்கள் வழங்கின.

அளவோடு அவர்கள் நின்றிலர். காலையும் மாலையுமாக இருவேளை உண்ணுதலை 'அந்தி சந்தி' என்றனர். மருந்தை எதனோடு குழைத்து அல்லது எதனைத் துணையாகக் கொண்டு உட்கொள்ள வேண்டுமோ அதனை 'அனுபானம்' என்றனர். தேனும் நெய்யும் பாலும் வெந்நீரும் அனுபானங்களாம். விலக்க வேண்டிய உணவைப் 'பத்தியம்' என்றனர். மருந்துண்ணும் காலவெல்லையை 'மண்டலம்' என்றனர். அது நாற்பது நாளென்பாரும் நாற்பத்தெட்டு நாளென்பாரும் உளர். ஆகவே, எவ்வளவு, எவ்வேளை, எம்முறை, எத்துணை நாள் என்னும் நான்கு வினாக்களுக்கும் தமிழில் முன்னமே சொற்கள் அமைந்துள்ளன. மேலைநாட்டு மருந்து வந்தபோது வினாக்கள் மாறவில்லை. விடை எழுதப்படும் மொழியே மாறிற்று.

அம்மொழியிடையீட்டை நன்குணர்ந்த மேலைநாட்டார் ஒருவரை ஈண்டு நினைத்தல் தகும். அமெரிக்க மிஷனைச் சார்ந்த டாக்டர் சாமுவேல் கிரீன் என்பார் 1847-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் இருந்து வைத்தியம் புரிந்தனர். அவர் தம் மாணவர்க்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தனர். வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினர். மக்கள் மொழியில் வைத்தியம் பேசப்படாதவரை அஃது அவர்தம் இல்லம் புகாதென்பது அவர் துணிபு. அத்துணிபு இன்றும் பழுதுபட்டிலது.

சீட்டின் மொழி

வைத்தியர் எழுதித் தரும் சீட்டை உற்று நோக்குக. மருந்தின் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். அதன் பக்கத்தே பி.டி., டி.டி.எஸ்., ஹெச்.எஸ்., எஸ்.ஓ.எஸ். என்றாற்போலும் குறிகள் நிற்கும். இவை ஆங்கிலமும் அல்ல. இலத்தீன் தொடர்களின் முதலெழுத்துக்கள். பி.டி. என்பது நாளைக்கு இருமுறை, டி.டி.எஸ். என்பது மும்முறை, ஹெச்.எஸ். என்பது உறங்கச் செல்லும் வேளை, எஸ்.ஓ.எஸ். என்பது தேவைப்பட்டால் மட்டும். ஓ.டி. என்பது நம் நாட்டில் நாளைக்கு ஒருமுறை என்று வழங்கும். கண் வைத்தியர் சீட்டிலோ அதே இரண்டெழுத்து வலக்கண்ணைக் குறிக்கும். ஏ.சி. என்பது உணவுக்கு முன், பி.சி. என்பது உணவுக்குப் பின்.

இக்குறிகளினும் எளியதாக 1-0-1 என எழுதும் முறை இப்பொழுது பெரிதும் வழங்குகின்றது. முதலெண் காலை, நடுவெண் நண்பகல், கடையெண் இரவு. இதனை நூற்றொன்று என்று படிப்பாரும் உண்டெனில் நகைத்தற்கில்லை. எழுத்தறியாத முதியவளுக்கு அம்மூன்று எண்களும் வெறுங்கோடுகளே. இலத்தீனில் நினைத்து, ஆங்கிலத்தில் எழுதி, கடைக்காரராற் படிக்கப்பெற்று, ஈற்றில் 'காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு' என்று தமிழில் நோயாளியின் செவிக்கு எட்டும் ஆணையில், எங்கேனும் ஓரெழுத்துச் சிதையினும் கேடு விளையும். 2016-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவக் கவுன்சில், மருந்துகளின் பொதுப்பெயர்களைத் தெளிவாக, இயன்றவரை ஆங்கிலப் பெரிய எழுத்துக்களால் எழுதுக என்று வைத்தியர்க்கு விதி திருத்தியது இதுபற்றியே.

தமிழிற் சொல்லும்போதும் மயக்கம் நேர்வதுண்டு. 'இரண்டு வேளை இரண்டு மாத்திரை' என்றால் வேளைக்கு இரண்டா, இருவேளைக்கும் சேர்த்து இரண்டா? 'ஒரு கரண்டி' என்றால் எந்தக் கரண்டி? இலக்கணம் பயில்வோர் இதனைக் கவர்பொருள் என்று கூறி அமைவர். நோயாளிக்கோ அஃது உயிர்ப் பொருளாகின்றது.

எவ்வளவு

வில்லையொன்றினுள் உள்ள மருந்து மில்லிகிராமில் அளக்கப்படும். ஒரே மருந்து பல அளவுகளில் விற்கப்படுகின்றமையால், 'ஒரு மாத்திரை' என்று மட்டும் சொல்லுதல் போதாது. பெயரும் எண்ணும் சேர்ந்தே மருந்தாகும். சில மருந்துகள் மில்லிகிராமின் ஆயிரத்திலொரு கூறாகிய மைக்ரோகிராமில் அளக்கப்படும். தைராய்டு குறைவுக்குரிய தைராக்சின் 25, 50, 100 மைக்ரோகிராம் வில்லைகளாக வருகின்றது. இதயத்துக்குரிய டிஜாக்சின் வில்லையில் உள்ளது 0.25 மில்லிகிராமே. நரிக்கையுறை என்று பொருள்படும் பெயருடைய ஆங்கிலச் செடியினின்று வந்த மருந்தினம் இது. அச்செடியின் இலையை அளவறிந்து கொடுக்கும் முறையை வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில வைத்தியர் 1785-ஆம் ஆண்டில் நூலாக எழுதினர். காக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடையே இதில் உள்ள வெளி மிகக் குறுகியது. வலிப்பு நோய்க்குரிய பெனிடாயின் என்பதும் அன்னதே. அளவைச் சிறிது கூட்டினும் இரத்தத்தில் அது பெரிதும் ஏறிவிடும். இத்தகைய மருந்துகளை நோயாளி தாமே கூட்டுதலோ குறைத்தலோ ஒருகாலும் தகாது.

குழந்தைக்குரிய அளவு வயதினும் எடையையே பற்றியது. எல்லார் வீட்டிலும் உள்ள பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை ஒரு வேளை அளவாகும். ஆகவே 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். இது கணக்கு, இடர் இனித்தான் உள்ளது. இம்மருந்து 5 மில்லிலிட்டரில் 125 மில்லிகிராம் உள்ள பாகாகவும், அதே 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள பாகாகவும் வருகின்றது. கைக்குழந்தைகட்கான சொட்டு மருந்தாக வரும்போதோ 1 மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் செறிந்துள்ளது. முதற் குப்பியிற் பழகிய தாய், சொட்டு மருந்தையும் அதே 5 மில்லிலிட்டர் அளந்து ஊட்டினால், குழந்தை உண்பது 500 மில்லிகிராம்; அஃதாவது உரிய மேலளவினும் மும்மடங்குக்கு மேல். குப்பி சிறிதாயின் மருந்து மென்மையானதென்று கருதுதல் பெரும் பிழை.

பெரியோர்க்கு இதே மருந்து ஒரு நாளில் 4000 மில்லிகிராமைக் கடத்தலாகாது. கல்லீரல் பழுதுற்றோர்க்கும் மெலிந்தோர்க்கும் இவ்வெல்லை இன்னும் குறையும். காய்ச்சல் வில்லையில் மட்டுமன்றிச் சளிக்கும் தலைவலிக்கும் உடல்வலிக்கும் விற்கும் கூட்டு வில்லைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்துள்ளது. பெயர் வேறென்று மூன்றையும் ஒருங்கே உண்பவர், ஒன்றையே மூன்று பெயரால் உண்கின்றனர். அளவு கடந்த பாராசிட்டமால் கல்லீரலை அழிக்கும். முதல் நாளில் அதற்கு அடையாளமே தோன்றாதிருத்தலும் கூடும்.

கரண்டியைப் பற்றி ஒரு சொல். வைத்தியர் கூறும் தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், மேசைக்கரண்டி 15. நம் அடுக்களைக் கரண்டிகளோ ஒன்றோடொன்று ஒவ்வா. மருந்தோடு வரும் அளவு மூடியோ, ஊசியில்லாச் சிரிஞ்சோ ஒன்றே நம்பத்தக்கது. மூடியைக் கையிற் சாய்த்துப் பிடியாமல், சமதளத்தில் வைத்துக் கண்மட்டத்திற் கோட்டை நோக்குக. தூளாக வந்து நீர் சேர்த்துக் குழந்தைகட்கு ஊட்டும் கிருமிக்கொல்லி மருந்துகளில், காய்ச்சியாறிய நீரைக் குப்பியிற் குறித்த கோடுவரை வார்த்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் குலுக்குதல் வேண்டும். குலுக்காவிடின் முதல் நாட்களில் நீரும் கடைநாட்களில் மருந்துமாக ஊட்டியவராவோம்.

நீரின் அளவும் மருந்தின் அளவே என்பதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் தக்க சான்று. 1971-ஆம் ஆண்டில் வங்காள அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, பொங்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் இக்கரைசலைக் குடிப்பித்து எண்ணிறந்தோரைக் காத்தனர். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் நீருக்குரியது. 200 மில்லிலிட்டருக்குரிய சிறு பொட்டலமும் உண்டு. பெரியதைத் தம்ளர் நீரிற் கரைத்து ஊட்டினால், உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடு சூழும்.

முதியோர் நிலையும் எண்ணத்தக்கது. பல மருந்துகளை உடலினின்று வெளியேற்றுவது சிறுநீரகம். முதுமையில் அதன் ஆற்றல் தளர்கின்றது. மகனுக்குப் பொருந்திய அளவு தந்தைக்கு மிகையாதல் கூடும். ஆதலின் ஒருவர் சீட்டு மற்றொருவர்க்கு ஆகாது.

எவ்வேளை

நம் புத்தூரின் ஊடே உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓடுகின்றது. அதன் மதகைத் திறந்து வயலுக்கு நீர் விடும் உழவன் செய்வதையே மருந்துண்பவனும் செய்கின்றான். உடல் வயல், மருந்து நீர், கல்லீரலும் சிறுநீரகமும் வடிகால்கள். நீர் விட்டது விட்டபடி நில்லாது, வடிந்துகொண்டேயிருக்கும். முற்றும் வடியுமுன் மறுமுறை மதகு திறத்தல் வேண்டும். நிற்கும் நீரின்மேல் மீண்டும் மீண்டும் திறந்தாலோ பயிர் அழுகும். மருந்துக்கு வேளை குறிப்பதன் காரணம் இதுவே.

வடியும் விரைவு மருந்துதோறும் வேறுபடும். பாராசிட்டமால் ஏறக்குறைய இரண்டு மூன்று மணி நேரத்திற் பாதியாகக் குறையும். ஆதலின் தேவையுள்ளபோது 4 முதல் 6 மணி நேர இடைவெளியில் உண்ணப்படும். இரத்த அழுத்தத்துக்குரிய அம்லோடிபின் பாதியாதற்கு 30 முதல் 50 மணி நேரம் ஆகும். ஆதலின் நாளைக்கொரு முறை போதும். தைராக்சின் பாதியாதற்கு ஏறக்குறைய ஏழு நாளாகும். 'ஒன்று உண்டும் உடனே குணம் காணேன்' என்று இரண்டாவதை நாடுவோர் இவ்வியல்பை அறியாதவராவர்.

'மூன்று வேளை' என்பதை மூன்று உணவு வேளை என்றே பலரும் கொள்கின்றனர். காலை எட்டு மணிக்கும், நண்பகல் ஒரு மணிக்கும், இரவு எட்டு மணிக்கும் உண்டால், பகலில் ஐந்து மணி நேர இடைவெளியும் இரவிற் பன்னிரண்டு மணி நேர இடைவெளியும் ஆகும். அமாக்சிசிலின் போன்ற கிருமிக்கொல்லிகளை இயன்றவரை எட்டு மணி நேரத்துக்கொரு முறையாகப் பிரித்துண்ணுதல் நன்று. இன்றேல் இரவெல்லாம் வயல் வறண்டு, களை தலையெடுக்கும்.

வேளை தவறுதலாற் பெருங்கேடு சூழும் மருந்து ஒன்றுண்டு. கீல்வாதத்துக்கும் சில தோல் நோய்க்கும் கொடுக்கப்படும் மெதோட்ரெக்சேட் என்னும் வில்லையை வாரத்தில் ஒருநாள் மட்டுமே உண்ணல் வேண்டும். ஏனைய வில்லைகளோடு அதனையும் நாள்தோறும் உண்டு, வாய் புண்ணாகி, குருதி ஊறும் எலும்பு மச்சை வற்றி இறந்தோர் பல நாடுகளிலும் உளர். 'வாரம்' என்னும் ஒரு சொல்லைப் படித்துக்கொடுக்க ஆளில்லாமையே பெரும்பாலும் இதற்குக் காரணம். இம்மருந்து உண்பவர் இல்லத்தில், கிழமையின் பெயரைத் தமிழிற் பெரிதாக எழுதி அட்டைமேல் ஒட்டுதல் இன்றியமையாதது.

ஒருவேளை மறந்தால் என் செய்வது? நினைவு வந்தவுடன் உண்ணலாம். அடுத்த வேளை அணுகிவிட்டதேல் மறந்ததை விட்டுவிடுதலே பொது விதி. இரண்டையும் சேர்த்து உண்ணுதல் எக்காலத்தும் கூடாது. சில மருந்துகட்கு இதனின் வேறான விதி உண்டாகலின், சீட்டு வாங்கும் போதே இதனையும் கேட்டு வைத்தல் அறிவுடைமை.

எம்முறை

முன்னோர் கூறிய அனுபானமும் பத்தியமும் மேலை மருந்துக்கும் உண்டு. தைராக்சினை வெறும் வயிற்றில் நீரோடு உண்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பி அருந்தல் வேண்டும். இரும்புச்சத்து வில்லையையும் சுண்ணாம்புச்சத்து வில்லையையும் அதனின்று நான்கு மணி நேரம் தள்ளி உண்ணல் வேண்டும். நீரிழிவுக்குரிய மெட்பார்மினை உணவோடோ உணவுக்குப் பின்னோ உண்டால் வயிற்றுத் தொல்லை குறையும். அதே நோய்க்குரிய கிளிமிபிரைடு என்பதை உண்டுவிட்டு உணவை விடுத்தாலோ, இரத்தத்திற் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் நேரும். நோன்பிருப்போரும், தேர்வுநாளிற் காலையுணவை மறக்கும் மாணவரும் இதனைக் கருதுக. இரும்புச்சத்தைத் தேநீரோடு உண்டால் அது குடலிற் சேராது. டாக்சிசைக்கிளினைப் பாலோடு உண்டால் ஆற்றல் குறையும். நிறைய நீரோடு உண்டு, உடனே படுக்காமல் நிமிர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் உணவுக்குழல் புண்ணாகும்.

விழுங்க இயலாதென்று வில்லையைப் பொடித்தலும் ஆராய்ந்து செய்ய வேண்டுவதே. பெயரின் ஈற்றில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர். என்னும் எழுத்துக்கள் இருப்பின், அவ்வில்லை மெல்ல மெல்லக் கரையுமாறு அமைக்கப்பட்டது. அதனைப் பொடித்தால், நாள் முழுதும் சிறுகச் சிறுக ஊற வேண்டிய மருந்து ஒரே நொடியிற் பாயும்; அது மதகைத் திறத்தலன்று, கரையை உடைத்தலேயாம். நெஞ்சுவலிக்கு நாவின்கீழ் வைக்கும் வில்லையை விழுங்கினால், விரைந்து உதவ வேண்டிய மருந்து தாழ்த்துப் போகும்.

எத்துணை நாள்

நோய் தணிந்தது என்பதும் நோய் நீங்கியது என்பதும் ஒன்றல்ல. காய்ச்சல் இரண்டாம் நாள் விட்டவுடன் கிருமிக்கொல்லியை நிறுத்தி, எஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கென்று பேழையில் வைப்பது நம் இல்லங்களிற் காணும் வழக்கம். வைத்தியர் குறித்த நாள்வரை உண்ணுதலும், எஞ்சியதைப் பிறர்க்கு ஈயாதிருத்தலும், சீட்டின்றி அதனை வாங்காதிருத்தலும் ஒன்றோடொன்று பிணைந்த கடமைகள். ஒரு கிருமி மருந்தை வென்று பழகினால், அப்பயிற்சி அந்நோயாளியோடு நில்லாமல் ஊர் முழுதும் பரவும். அட்டையிற் செங்கோடு இட்ட மருந்துகளைச் சீட்டின்றி விற்கலாகாதென்பது இதுபற்றியே.

காசநோய் இவ்வுண்மைக்குத் தலையாய சான்று. அச்சான்று பிறந்த இடமும் நம் தமிழ்நாடே. 1956-ஆம் ஆண்டில் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் அதிற் கூடி உழைத்தன. காசநோயாளர்க்குச் சானடோரியப் படுக்கையும், தூய காற்றும், நல்லுணவும் இன்றியமையாதன என்று உலகமெல்லாம் நம்பிய காலம் அது. சென்னையின் ஏழை நோயாளருட் சிலரைச் சானடோரியத்திலும், சிலரை அவரவர் குடிசையிலும் வைத்து, இரு சாரார்க்கும் ஐசோநியாசிட், பாஸ் என்னும் வாய்வழி மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்புநோக்கினர். 1959-இல் வெளிவந்த முடிவு உலகை வியப்பிலாழ்த்தியது. இடநெருக்கத்திலும் மெலிந்த உணவிலும் இருந்தவர்கள், சானடோரியத்தில் இருந்தவர்களோடு ஏறக்குறைய ஒத்தே குணமடைந்தனர். காத்தது கட்டிலன்று, முறையாக உண்ட மருந்தே.

'முறையாக' என்னும் சொல்லே அங்கு உயிர்நிலை. அந்நிலையத்தார் அறிவியாமல் இல்லம் சென்று எஞ்சிய வில்லைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்துண்டதை உறுதி செய்தனர். மனிதன் இயல்பாகவே மறப்பவன். குணம் தோன்றியவுடன் விடுபவன். இதனை அறிந்த அவர்கள், பின்னர் மருந்தை ஒருவர் கண்முன்னர் உட்கொள்ளச் செய்யும் முறையையும் ஆய்ந்தனர். அவ்வழி பின்னாளிற் பல நாடுகளிலும் பரவியது. இந்நாட்டில் வாரம் மும்முறை என இருந்த காசநோய் மருந்து 2017 முதல் நாள்தோறும் என மாற்றப்பட்டது. நான்கு மருந்துகள் ஒரே வில்லையிற் கூடியுள்ளன; எடை 35 முதல் 49 கிலோவாயின் நாளைக்கு மூன்று வில்லை, 50 முதல் 64 கிலோவாயின் நான்கு என எடைக்கேற்ப எண்ணிக்கை மாறும். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்தும், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்தும் உண்ணப்படும். இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று எடை ஏறுவதால், பலர் அப்பொழுதே விட்டுவிடுகின்றனர். விட்ட இடத்தில் எஞ்சிய கிருமிகளே மருந்துக்கு அடங்காதனவாக மீள்கின்றன. அவற்றை வெல்லுதற்கு வேண்டுவன கடிய மருந்துகள்.

தொழுநோயின் வரலாறும் இதுவே. டாப்சோன் என்னும் ஒன்றையே பல்லாண்டு கொடுத்து வந்தமையால் கிருமிகள் அதனை வென்றன. 1981-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிஞர் குழு கூட்டு மருந்தை வகுத்தது. இருபத்தெட்டு நாளுக்குரிய அட்டையில் முதல்நாள் அளவைப் பணியாளர் கண்முன்னர் உண்பதும், ஏனைய நாட்களுக்கு உரியதை வரிசைப்படி இல்லத்தில் உண்பதுமாக அது அமைந்தது. எழுத்தறியாதாரும் எத்தனை நாள் உண்டோம், எத்தனை எஞ்சியது என்று கண்ணாற் காணும் வண்ணம் செய்யப்பட்ட அவ்வட்டை, சொல்லில்லாமற் பேசும் சீட்டாகும்.

வேதாகமம் பயின்றோர்க்குச் சீரியப் படைத்தலைவனாகிய நாகமானின் வரலாறு நினைவில் எழலாம். யோர்தானில் ஏழுமுறை முழுகுக என்று எலிசா தீர்க்கதரிசி சொல்லியனுப்பியபோது, இவ்வளவு எளியதா என்று அவன் சினந்தனன். அருகிருந்த ஊழியக்காரர் நயமாக எடுத்துச் சொல்லியிராவிடின், அவன் திரும்பிப் போயிருப்பான். ஆறாம் முழுக்கில் கரையேறியிருந்தாலும் குணம் பெற்றிரான். எண்ணி முடித்தலிலும், அருகிருந்து சொல்லுவோர் சொல்லிலும் குணம் நின்றது.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் வேறு வகையின. இவற்றுக்கு மண்டலமும் இல்லை, முடிவும் இல்லை. நலமாக உணர்வது மருந்து வேலை செய்வதனாலேயே. 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம், இவ்விரு நோய்க்கும் உரிய மருந்தை இல்லந்தோறும் கொண்டு சேர்த்தற்கென எழுந்தது. வலிப்புக்குரிய மருந்தையும், வாரக்கணக்கில் உண்ட ஸ்டீராய்டையும் திடீரென நிறுத்துதல் உயிருக்கே ஊறு செய்யும்; வைத்தியரே படிப்படியாகக் குறைப்பர்.

உழைச்செல்வான் கடமை

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் தொண்ணூற்றைந்தாவது. அதன் பாக்களிற் பெரும்பாலன உணவின் அளவையே பேசுகின்றன. கடைசிப் பாவோ, வைத்தியத்துக்கு நான்கு உறுப்புக்களை வகுக்கின்றது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உழைச்செல்வான் என. உழை என்பது பக்கம்; நோயாளியின் பக்கத்தேயிருந்து மருந்தைப் பிழையாமல் ஊட்டுவோனே உழைச்செல்வான். வைத்தியனோடும் மருந்தோடும் அவனைச் சரிநிகராக வள்ளுவர் நிறுத்தினர் என்பது ஊன்றி எண்ணத்தக்கது. சென்னை ஆய்வாளர் கண்டதும் இந்நான்காம் உறுப்பின் இன்றியமையாமையே.

வைத்தியர் சில நிமிடம் காண்பர். மருந்துக்கடைக்காரர் அதனினும் குறைவாகக் காண்பர். எஞ்சிய இருபத்துமூன்று மணி நேரமும் நோயாளி இல்லத்திலேயே உள்ளார். அவ்வில்லத்தில் எழுத்தறிந்தவர் யார்? பெரும்பாலும் கல்லூரியிற் பயிலும் மகனோ மகளோதான். நாமே இக்காலத்து உழைச்செல்வார். அக்கடமையைச் சில விதிகளாகச் சுருக்கிக் கூறுவேன்.

1. சீட்டு வாங்கும்போதே, எவ்வளவு, எவ்வேளை, எம்முறை, எத்துணை நாள் என்னும் நான்கு வினாக்களையும் வைத்தியரிடமோ மருந்தாளுநரிடமோ கேட்க. கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க.

2. விடையைத் தமிழில், முழுச்சொல்லால், பெரிய எழுத்தில் எழுதி அட்டைமேல் ஒட்டுக. 1-0-1 என்பதைக் 'காலை ஒன்று, இரவு ஒன்று, உணவுக்குப் பின், ஐந்து நாள்' என விரித்தெழுதுக. படிக்க அறியாதார்க்குச் சூரியனும் நிலவும் வரைந்து காட்டுக.

3. மருந்து வாங்கியவுடன் பெயரையும் எண்ணையும் சீட்டோடு ஒப்பிடுக. புதிய குப்பியாயின் 5 மில்லிலிட்டரில் எத்துணை மில்லிகிராம் என்பதை மீண்டும் நோக்குக.

4. அளவுக்கருவி இன்றிப் பாகு மருந்து ஊட்டற்க.

5. உண்ணும் மருந்துகள் அனைத்தையும், சித்த மருந்து உள்பட, ஒரே தாளில் எழுதி வைத்து, செல்லும் வைத்தியரிடமெல்லாம் காட்டுக.

6. ஒருவர் மருந்தை மற்றொருவர்க்கு ஊட்டற்க. குழந்தைகள் கைக்கு எட்டும்படி வைக்கற்க.

7. அளவு மிகுந்துவிட்டதென ஐயுற்றால், குணங்குறி தோன்றும்வரை காத்திராமல், அட்டையோடும் குப்பியோடும் உடனே ஆஸ்பத்திரிக்கு விரைக.

நண்பர்காள், செய்யுளில் ஒரு மாத்திரை தவறினால் ஆசிரியர் சிவப்பு மையினாற் சுழிப்பார். நாமும் நாணித் திருத்திக்கொள்வோம். பாட்டியின் அட்டையில் ஒரு மாத்திரை தவறினால் சுழிப்பார் இல்லை. அங்கே கண்ணூன்றிப் படிக்க வேண்டுபவர் நாமே. இவ்விதழை மூடியவுடன், நும் இல்லத்து மருந்துப் பேழையைத் திறந்து, அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, தமிழில் எழுதி ஒட்டுவீராக.